தாலுகா நிருபருக்குச் சங்கம் என்ன செய்யும்? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் நண்பர்கள் கருத்துச் சொல்லவும்

பேரணாம்பட்டு நிருபர் எழுதியது:

வணக்கம். பேரணாம்பட்டுப் பகுதியில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருக்கிறேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்து ஏரியில் ராத்திரியில் டிப்பர் வைத்து மண் அள்ளுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் திங்கள்கிழமை குறைதீர்வு நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். மனு நகலை வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தேன். கரையை ஒட்டி ஆள் உயரத்துக்குக் குழி. லாரிச் சக்கரத் தடம் ஏரிக்குள்ளிருந்து தார்ச்சாலை வரை ஈரம் காயாமல் கிடந்தது. படம் எடுத்துச் செய்தி அனுப்பினேன், மாவட்டப் பக்கத்தில் வந்தது. கொஞ்ச நாளில் 10 லட்சம் நஷ்ட ஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ். ஆசிரியருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அலுவலகத்துக்குப் போன் செய்தால், "நீங்க எங்க ஸ்டாஃப் கிடையாது, உங்க நோட்டீஸை நீங்களே பாத்துக்கங்க" என்கிறார்கள். என்னிடம் பத்திரிகை கொடுத்த அடையாள அட்டை இருக்கிறது. நியமனக் கடிதம் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. மாதம் ஒரு சிறு தொகை போக்குவரத்துச் செலவு என்ற பேரில் வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் விளம்பரம் பிடித்துக் கமிஷன் வாங்கிக்கொள்ள வேண்டும். பொங்கல் மலர், தீபாவளி மலர் எல்லாவற்றுக்கும் டார்கெட் உண்டு. வருஷம் முழுக்க யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவர்களிடமே மலர் விளம்பரம் கேட்டு நிற்கிறோம்.

இப்போது என் கேள்வி. இங்கே பத்திரிகையாளர் சங்கம் என்று பல இருக்கின்றன. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு சங்கங்களும் பிரிந்து இன்னும் கூடிவிட்டன. எல்லாரும் சந்தா கட்டச் சொல்கிறார்கள். அட்டையும் பைக்குக்கு ஒட்ட ஸ்டிக்கரும் தருகிறார்கள். இந்த நோட்டீஸைக் காட்டினால் கூட வந்து நிற்கிற சங்கம் எது? எதை வைத்து அதைக் கண்டுபிடிப்பது?

காட்பாடி வக்கீல் எழுதியது:

முதலில் நோட்டீஸ். பயப்பட வேண்டாம், ஆனால் கிடப்பில் போடவும் வேண்டாம். அதில் சொன்ன கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் போய்விட வேண்டும். எதிர்த் தரப்புக்கு நீங்களே போன் செய்து சமாதானம் பேசாதீர்கள். "தெரியாமல் வந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை வாட்ஸ்அப்பில் போனால்கூட நாளைக்கு அதுவே அவர்களுக்குச் சாட்சி. மனு நகல், கலெக்டர் அலுவலகம் கொடுத்த ரசீது, படங்களின் அசல் கோப்பு எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். போனை மாற்றிவிடாதீர்கள். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆவது பிரிவு. சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னது என்றால் அது அவதூறு ஆகாது என்ற விதிவிலக்கு அதிலேயே இருக்கிறது. பொதுமக்கள் கொடுத்த மனு, நேரில் பார்த்த குழி, இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

அப்புறம் சங்கம். பேரைப் பார்க்காதீர்கள், பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்திருந்தால் விழா எடுக்கலாம், கல்வி உதவி கொடுக்கலாம், அமைச்சரைப் பார்த்து மனு கொடுக்கலாம். தொழிற்சங்கமாகப் பதிந்திருந்தால்தான் நிர்வாகத்தின் மேல் தொழில் தகராறு எழுப்பி, தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் இரண்டு பேரையும் உட்கார வைக்க முடியும். 1926-ஆம் வருஷச் சட்டத்தில் தொழிற்சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும் என்றிருந்தது. புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே ஏழுதான். பிரஸ் கிளப் மூன்றாவது வகை. அது கூடுவதற்கும் பேட்டி நடத்துவதற்கும் ஓர் இடம். தேவையான இடம்தான், ஆனால் உங்களுக்காக வழக்காட அதற்கு அதிகாரம் கிடையாது.

பின்தொடர்பவன் எழுதியது:

நல்ல இழை. நான் சோளிங்கர். எனக்கும் இதே நிலைதான், பதில்களுக்குக் காத்திருக்கிறேன்.

பழைய டெஸ்க் எழுதியது:

பேரணாம்பட்டுத் தம்பிக்கு. நான் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். "நீங்க ஸ்டாஃப் கிடையாது" என்ற பதிலை என் டெஸ்க்கில் உட்கார்ந்தே எத்தனையோ பேருக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சட்டம் இல்லை, நிர்வாகத்தின் விருப்பம். 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் முழு நேரம், பகுதி நேரம் இரண்டையும் சேர்த்தே பத்திரிகையாளர் யார் என்று சொன்னது. முதன்மைத் தொழில் பத்திரிகை வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலையை விட்டு நிறுத்த ஆசிரியருக்கு ஆறு மாத நோட்டீஸ், மற்றவர்களுக்கு மூன்று மாத நோட்டீஸ். மூன்று வருஷம் வேலை செய்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி). நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இவ்வளவும் அந்தச் சட்டத்தில் இருந்தது.

இது சும்மா வந்துவிடவில்லை. இந்திய உழைக்கும் பத்திரிகையாளர் சம்மேளனம் 1950-ல் டெல்லியில் தொடங்கியது. முதல் பத்திரிகை ஆணையத்தின் முன் பத்திரிகையாளர் அமைப்புகள் ஊதியக் கணக்குகளை வைத்து வாதாடின. அதன் பிறகு வந்த சட்டம் இது. அந்தச் சட்டப்படி பத்திரிகை ஊழியர் சம்பளத்தை நிர்ணயிக்க அரசு அமைத்த முதல் ஊதியக் குழுவின் முடிவை முதலாளிகள் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போய் 1958-ல் ரத்துச் செய்ய வைத்தார்கள். ஆனால் சட்டம் நின்றது. அப்புறம் சம்பளத்தை நிர்ணயிக்கத் தலைவர் பேரிலேயே அழைக்கப்பட்ட குழுக்கள் வந்தன: பாலேகர், பச்சாவத், மணிசானா, கடைசியாக மஜிதியா. மஜிதியா ஊதியம் 2011 நவம்பரில் அரசாணை ஆனது, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கப்புறமும் தராத நிறுவனங்கள் உண்டு. இருக்கிற சம்பளமே போதும் என்று ஊழியர்களிடம் எழுதி வாங்கி வைத்திருந்தார்கள். அப்படி எழுதி வாங்கினாலும் குழு சொன்னதற்குக் குறைவாகக் கொடுக்க முடியாது, ஒப்பந்த ஊழியருக்கும் அது பொருந்தும் என்று 2017 ஜூனில் தீர்ப்பு வந்தது.

ஆனால் பலன் யாருக்குப் போனது? சென்னையில், தலைமை அலுவலகத்தில், சங்கம் பலமாக இருந்த இடத்தில் கொஞ்சம் கிடைத்தது. குடியாத்தத்திலும் அரக்கோணத்திலும் இருந்த நிருபர் அந்தக் குழுவின் பேரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. எங்கள் தலைமுறைச் சங்கங்கள் தாலுகா நிருபரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்குப் பெரியது.

காட்பாடி வக்கீல் எழுதியது:

ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம். ஒன்று, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1955-ஆம் வருஷச் சட்டம் தனியாக இல்லை, பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதில் ஒரு நல்லது, தொலைக்காட்சி, டிஜிட்டல் ஊடகத்தில் வேலை செய்கிறவர்களும் உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் வந்துவிட்டார்கள். பகுதி நேரம் என்பதும் அப்படியே இருக்கிறது. மூன்று வருஷப் பணிக்கொடையும் தொடர்கிறது. கெட்டது, பழைய ஊதியக் குழு முறைக்கு அதில் இடமில்லை. பத்திரிகையாளர் அமைப்புகள் எதிர்ப்பதும் அதனால்தான்.

இரண்டு, முதன்மைத் தொழில். தாலுகா நிருபர்களில் பாதிப் பேர் ஜெராக்ஸ் கடை, எல்.ஐ.சி. முகவர், பத்திரிகை ஏஜென்சி என்று ஏதாவது ஒன்றும் வைத்திருப்பார்கள். வைக்காவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. அதைத்தான் நிர்வாகம் நீதிமன்றத்தில் முதலில் எடுத்து வைக்கும். 1963-லேயே ஒரு பகுதி நேர நிருபரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. பகுதி நேரம் என்பதால் மட்டும் தள்ளிவிட முடியாது, முதன்மைத் தொழில் எது என்பதை உண்மை விவரங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் நிலை. அதனால் விவரம் சேர்ப்பதுதான் இப்போது வேலை. டெஸ்க்கிலிருந்து "இதைப் போய்ப் பாருங்க, ஆறு மணிக்குள்ள அனுப்புங்க" என்று வந்த மெசேஜ்கள், பேர் போட்டு வந்த செய்திகள், வங்கியில் வரவான தொகை, அடையாள அட்டையின் இரு பக்கப் படம், மாவட்டக் கூட்டத்துக்குக் கூப்பிட்ட அழைப்பு. வருஷ வாரியாக ஃபைல் போடுங்கள். வேலூரிலேயே தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

சத்துவாச்சாரி மூத்தவர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் சங்கத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் சங்கத்தின் கஷ்டத்தையும் பாருங்கள். நான் ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருந்தவன். கல் குவாரி, செங்கல் சூளை, சாயப்பட்டறை, தனியார் பள்ளி எங்கே பார்த்தாலும் பிரஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி நிற்கிறது. இறங்கிப் போய் அட்டையை நீட்டிப் பணம் கேட்கிறார்கள். மாட்டிக்கொண்டால் சங்கத்துக்குப் போன் வருகிறது, "உங்க ஆளு" என்று. போலிப் பத்திரிகையாளர்களைக் களைய ஒரு பத்திரிகை மன்றம் அமைக்கச் சொல்லி 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டதே, அந்த அளவுக்குப் போய்விட்டது. வருகிறவர்களை எல்லாம் சேர்த்தால் சங்கத்தின் பேர் கெடும். அதனால்தான் நாங்கள் அரசு அங்கீகார அட்டை வைத்திருப்பவர்களை மட்டும் சேர்த்தோம்.

ஆற்காடு யூடியூப் தம்பி எழுதியது:

அண்ணா, மன்னிக்கவும், இந்த இடத்தில்தான் எங்களுக்கு வலிக்கிறது. நானும் என் நண்பனும் ஆற்காட்டில் ஒரு சேனல் நடத்துகிறோம். பாலாற்றுத் தரைப்பாலம், வாலாஜா மருத்துவமனை, ரேஷன் கடை எல்லாம் போடுகிறோம். ஒருத்தரிடமும் கை நீட்டியதில்லை. ஆனால் எங்களுக்கு அங்கீகாரம் கிடைக்கிற வழி இல்லை. 2023-ல் வந்த பத்திரிகைப் பதிவுச் சட்டம் அச்சுப் பத்திரிகைக்கு மட்டும்தான், எங்களைப் போன்றவர்கள் விரும்பினாலும் அதில் பதிய முடியாது. அரசு அட்டை இருந்தால்தான் சங்கம் என்றால், உள்ளே யார் வரலாம் என்று அரசாங்கம் முடிவு செய்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அது எப்படிப் பத்திரிகையாளர் சங்கம் ஆகும்?

போலி ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களில் அச்சுப் பத்திரிகை அட்டை வைத்திருப்பவர்களும் உண்டு. மாதம் ஒரு இதழ் பத்து நூறு பிரதி அடித்துவிட்டு, மாவட்டம் முழுக்க அட்டை விற்கிறவர்களை உங்களுக்கே தெரியும்.

சத்துவாச்சாரி மூத்தவர் எழுதியது:

தெரியும் தம்பி. அரசு அட்டையை அளவுகோலாக வைத்தது வசதிக்காகத்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். வேறு அளவுகோல் என்ன, சொல்லுங்கள்.

நெறியாளர்:

தயவுசெய்து பத்திரிகை, சேனல், தனிநபர் பெயர்களைக் குறிப்பிட்டுக் குற்றம் சாட்ட வேண்டாம். ஒரு பதிவு அதனால் நீக்கப்பட்டது.

வாணியம்பாடி செய்தியாளர் எழுதியது:

அளவுகோல் கேட்டீர்கள். செய்த வேலையைப் பாருங்கள். ஆறு மாதத்தில் வெளிவந்த செய்திகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அச்சோ, தொலைக்காட்சியோ, யூடியூபோ, எதுவாக இருந்தாலும். இரண்டு உறுப்பினர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். பணம் கேட்டதாகப் புகார் வந்தால் விசாரிக்க ஒரு குழு, அதில் சங்கத்துக்கு வெளியே ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியரோ வக்கீலோ இருக்கட்டும். குற்றம் உறுதியானால் நீக்கி, நீக்கியதை வெளியே அறிவியுங்கள். இதைச் செய்ய அரசாங்கம் எதற்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இழையில் இதுவரை எழுதியவர்களில் பெண் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். சங்கக் கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் லாட்ஜ் ஹாலில் நடக்கும். பெண் உறுப்பினர் ஏன் வருவதில்லை என்று அப்புறம் கேட்பார்கள். ஒரு முறை செய்திக்குப் போன இடத்தில் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். சங்கத்தில் சொன்னேன். "பெரிசு பண்ணாதம்மா, நாளைக்கு அவரு பேட்டி வேணும்ல" என்றார் பொறுப்பில் இருந்தவர். 2013-ஆம் வருஷப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும், அங்கே புகார் கொடுக்கலாம் என்பதை ஒரு வழக்கறிஞர் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சங்கம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

இந்திய ஊடகப் பெண்கள் வலையமைப்பு என்று 2002-ல் தொடங்கிய ஒன்று இருக்கிறது. தலைவர், செயலாளர் என்று பதவி அடுக்கு இல்லாமல் நடக்கிறது. வேலை வாய்ப்பு, சட்ட ஆலோசனை, "இந்த ஊருக்குத் தனியாகப் போகிறேன், யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்பது வரை அதில் பேசிக்கொள்கிறார்கள். அதே 2002-ல் உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூடத்தில் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து கபர் லஹரியா என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். தலித் பெண்கள், பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். இன்றைக்கு டிஜிட்டலில் நடத்துகிறார்கள். அங்கே முடிகிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஷூ கம்பெனிக்குப் போகிற ஆயிரக்கணக்கான பெண்களின் கதையை எழுத இங்கே எத்தனை பெண் நிருபர் இருக்கிறோம்?

பேரணாம்பட்டு நிருபர் எழுதியது:

அக்கா, கூட்டத்தை ஞாயிறு காலை வைக்கச் சொல்லி நானே கேட்கிறேன். அந்த ஆறு மாதச் செய்தி யோசனையை எழுதி வைத்துக்கொண்டேன்.

மாராப்பட்டு வாசகர் எழுதியது:

நான் பத்திரிகைக்காரன் இல்லை. பேப்பர் படிக்கிறவன். இது உங்கள் தொழில் பிரச்சினை மட்டும் என்று நினைத்து நீங்களே பேசிக்கொள்கிறீர்கள். எங்கள் பிரச்சினையும்தான்.

மழை பெய்து பாலாற்றில் தண்ணீர் வந்தால் எங்கள் பாலத்தடியில் நுரை பொங்கும். வெள்ளையாக, இடுப்பளவுக்குக்கூட நிற்கும். காற்று அடித்தால் பிய்ந்து சாலைக்கு வரும். நாற்றம் தொண்டையைப் பிடிக்கும். மழையோடு மழையாகத் தோல் தொழிற்சாலைக் கழிவை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அதிகாரி வந்து மாதிரி எடுப்பதற்குள் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த நுரையை விடியற்காலையில் வந்து படம் எடுக்கிறவர் தாலுகா நிருபர்தான். சென்னையிலிருந்து ஆள் வருவதற்குள் ஆறு காய்ந்துவிடும்.

இந்தக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவன்தான் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நெறி இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் வேலூர் பேரைச் சொல்லிப் படிக்கிறார்கள். அப்புறமும் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள், பத்துப் பேர். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்று விவகாரத்தில் இழப்பீடு, ஆற்றைச் சீர்செய்வது பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முப்பது வருஷமாக முடியாத வழக்கு. நடுவில் என்ன நடந்தது என்று யார் பார்த்துச் சொல்வது? விளம்பரத்துக்காக அதே தொழிற்சாலை வாசலில் நிற்க வைக்கப்பட்ட நிருபரா? அவர் எழுதாமல் விட்டால் அவரை நான் திட்ட மாட்டேன். ஆனால் எனக்குச் செய்தி கிடைக்காது.

பழைய டெஸ்க் எழுதியது:

மாராப்பட்டு ஐயா, நீங்கள் சொன்னதுதான் முதலில் பேச வேண்டியது. நிருபர் விளம்பரம் பிடிக்கக் கூடாது, விளம்பரத்துக்குத் தனி ஆள் இருக்க வேண்டும். இந்த ஒரு கோரிக்கையை எல்லாச் சங்கங்களும் சேர்ந்து முன்வைத்தால் மாவட்டச் செய்தியின் முகமே மாறும். தேர்தல் நேரத்தில் கவர் வாங்குகிறார்கள் என்று ஊரே பேசுகிறது. 2019-ல் பணப் பட்டுவாடா காரணமாக வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. அவ்வளவு பணம் புழங்குகிற தொகுதியில், சம்பளமே இல்லாத ஒருவரை நிறுத்திவிட்டு, நேர்மையாக இரு என்று உபதேசம் செய்ய நமக்கு என்ன தகுதி இருக்கிறது? நேர்மையாக இருக்கிற தாலுகா நிருபர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் வீட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு நேர்மையாக இருந்தவர்கள்.

அரசு உதவிகளைப் பற்றி. 2021-ல் தமிழ்நாடு அரசு பத்திரிகையாளர் நல வாரியம் அமைத்தது. ஓய்வூதியம் இருக்கிறது, மருத்துவ உதவி இருக்கிறது. அவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், பலருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் எத்தனை ஆண்டு பணி என்பதற்கு நிர்வாகத்தின் சான்று வேண்டும். தாலுகா நிருபரிடம் இல்லாதது அந்த ஒரு காகிதம்தான். அதனால் நியமனக் கடிதம் கேட்டுப் போராடாத சங்கம், நல உதவி கேட்டு மனு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், உதவி மறுபடியும் ஏற்கெனவே சம்பளம் வாங்கியவர்களுக்கே போகும். அதோடு, வீட்டுமனைக்காக யாரிடம் மனு கொடுக்கிறோமோ அவர்கள் துறையில் ஊழல் என்றால் எழுதக் கை கூசும். மனைப் பட்டா கேட்பதை ஒரு சங்கத்தின் முதல் வேலையாக வைத்திருப்பது தப்பு என்பது என் உறுதியான கருத்து.

பத்திரிகை கவுன்சிலில் புகார் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். பத்திரிகைச் சுதந்திரத்தில் தலையிட்டார்கள் என்று கொடுக்கலாம், அரசு அதிகாரிகளிடம் விளக்கம் கேட்பார்கள். ஆனால் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதற்கு மேல் அதிகாரம் இல்லை. தொலைக்காட்சியும் யூடியூபும் அதன் எல்லைக்குள் வராது.

சரி, கூட வந்து நிற்பது என்றால் என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2018 அக்டோபரில் நக்கீரன் கோபாலைக் கைது செய்து எழும்பூர் நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஆளுநரின் பணியைத் தடுத்தார் என்று அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஆவது பிரிவில் வழக்கு. தி இந்து குழுமத்தின் என். ராம் நீதிமன்றத்துக்கே வந்து, பத்திரிகைகள் சார்பில் பேச அனுமதி வாங்கி, இந்தப் பிரிவு ஒரு பத்திரிகைச் செய்திக்குப் பொருந்தாது என்று எடுத்துச் சொன்னார். மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்ப மறுத்துவிட்டார். இரண்டு பத்திரிகைக்கும் நடையில், பாணியில் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் வந்தார். குடியாத்தம் நீதிமன்றத்தில் பேரணாம்பட்டு நிருபர் நிற்கும்போது அப்படிப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். அதற்குத்தான் சங்கம்.

பின்தொடர்பவன் எழுதியது:

பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. 2020 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு தொலைக்காட்சி நிருபரை வீட்டுக்கு அருகிலேயே வெட்டிக் கொன்றார்கள். 2024 ஜனவரியில் பல்லடத்தில் ஒரு நிருபர், தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தும் அரிவாளால் வெட்டப்பட்டார். இரண்டு பேருமே பெரிய நகரத்து ஆள் இல்லை. நம்மைப் போன்றவர்கள். இரவில் மணல், மண் செய்திக்குப் போனால் எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போக நமக்குள் ஒரு குழுவாவது வேண்டும்.

வாணியம்பாடி செய்தியாளர் எழுதியது:

அதை இன்றைக்கே தொடங்கலாம். போகும்போது இடம், திரும்பும் நேரம், கூடப் போகிறவர் பேர். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் எழுதி இருக்க வேண்டும். பதிவு, சந்தா எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆற்காடு யூடியூப் தம்பி எழுதியது:

எங்களைச் சேர்ப்பீர்களா என்று மட்டும் சொல்லுங்கள். டிஜிட்டல் நிறுவனங்கள் 2020-ல் டிஜிபப் என்று தனி அமைப்புத் தொடங்கியிருக்கின்றன, நல்லதுதான். ஆனால் அது பதிப்பாளர்களின் அமைப்பு. மொபைலும் மைக்கும் வைத்துக்கொண்டு ஆற்காட்டிலிருந்து நடத்துகிற இரண்டு பேருக்கு ஒரு போலீஸ் அழைப்பு வந்தால், முதலில் கூப்பிட வேண்டியவர் ராணிப்பேட்டையில்தான் இருக்க வேண்டும்.

காட்பாடி வக்கீல் எழுதியது:

தம்பி, சொந்தச் சேனல் நடத்துகிறவர் சட்டப்படி ஊழியர் இல்லை, முதலாளி. சம்பளத் தகராறில் தொழிற்சங்கம் உங்களுக்குப் பிரயோஜனப்படாது. ஆனால் சட்டப் பாதுகாப்பு, இரவுக் குழு, நெறிமுறைக் குழு மூன்றும் உங்களுக்கும் பொதுதான். இணை உறுப்பினர் என்று விதியில் ஒரு பிரிவு வைத்துச் சேர்க்கலாம். உங்கள் சேனலில் கேமரா பிடிக்கிற பையனுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றால் அவன் முழு உறுப்பினராகவே ஆகலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி மூத்தவர் எழுதியது:

இரண்டு உறுப்பினர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நடக்கக்கூடிய விஷயம்தான். முடிந்தால் எங்கள் சங்கத்திலேயே இதை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கிறேன். எதிர்ப்பு வரும், வரட்டும். சென்னை பத்திரிகையாளர் மன்றத்திலேயே கால் நூற்றாண்டு தேர்தல் நடக்காமல் கிடந்து 2024 டிசம்பரில்தானே நடந்தது. நம் மாவட்டச் சங்கங்களிலும் ஒரே ஆட்கள் வருஷக்கணக்காகப் பதவியில் இருக்கிறோம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேரணாம்பட்டு நிருபர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. என் விஷயம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நோட்டீஸுக்குப் பதில் போய்விட்டது. கட்டணம் வாங்காமல் எழுதிக் கொடுத்தவர் இந்த இழையைப் படித்துத்தான் என்னை அழைத்தார். மனு கொடுத்த ஊர்க்காரர்களில் சிலர் சாட்சி சொல்ல வருகிறோம் என்றிருக்கிறார்கள். பத்திரிகை அலுவலகத்துக்கு நியமனக் கடிதம் கேட்டு எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள், எனக்கும் பயம் இல்லாமல் இல்லை.

சங்கங்களில் மூன்று இடத்தில் பதிவுச் சான்றிதழ் கேட்டேன். ஒரு இடத்தில் காட்டவே இல்லை. ஒன்று சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்தது. இன்னொன்று மாநிலத் தொழிற்சங்கம் ஒன்றின் கிளை, ஆனால் மாவட்டத்தில் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. அந்தக் கிளைக்கு உயிர் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு நிருபர்களிடம் பேசியிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்கள். வக்கீல் சாருக்கு ஒரு கேள்வி. வேலூரில் கிளை இருந்தால் திருப்பத்தூர், ராணிப்பேட்டை ஆட்களும் அதிலேயே சேரலாமா, தனித்தனியாக வேண்டுமா?

காட்பாடி வக்கீல் எழுதியது:

மாநிலச் சங்கத்தின் விதிகளில் கிளையின் எல்லையை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வருவாய் மாவட்டம் என்று இருந்தால் மூன்று கிளை வேண்டும். பழைய வட ஆற்காடு என்றோ வேலூர் மண்டலம் என்றோ இருந்தால் ஒன்றே போதும், அதுதான் உங்களுக்கு நல்லது, ஆள் பலம் சிதறாது. நாளிதழ்களும் இன்னும் மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து வேலூர்ப் பதிப்பாகத்தான் அடிக்கிறார்கள், அதனால் நிர்வாகத்தோடு பேசவும் ஒரே கிளை வசதி. சந்தாவை ரொக்கமாக வாங்காதீர்கள். கிளை பேரில் வங்கிக் கணக்குத் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுங்கள். தகராறு எழுப்பும்போது உறுப்பினர் எண்ணிக்கையை நிரூபிக்க அந்த ரசீதுப் புத்தகம்தான் கேட்பார்கள். விதிகளின் நகலைக் கொண்டுவாருங்கள், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அலுவலகத்தில் இருப்பேன்.